பகா எண் எவ்வளவு தூரம்? தாளும் பேனாவும் போதும்

ஓர் எண்ணுக்கு மிகப் பக்கத்தில் உள்ள பகா எண் எத்தனை அடி தள்ளி இருக்கிறது? 10-க்குப் பக்கத்திலேயே 11, ஆக விடை 1. 9-க்கு ஒரு பக்கம் 7, மறுபக்கம் 11. எப்படிப் போனாலும் 2. எடுத்த எண்ணே பகா எண் என்றால் 0. இந்த விடைகளை வரிசையாக எழுதினால் ஒரு தொடர்வரிசை கிடைக்கும். அதைத்தான் செய்யப்போகிறோம்.

முதலில் 2 முதல் 31 வரை எழுதுங்கள். 2, 3, 5 மூன்றையும் விட்டுவிட்டு, அவற்றின் மற்ற மடங்குகளை அடித்துவிடுங்கள். எரட்டோஸ்தனிசின் சல்லடை என்பது இதுதான். 7-க்கு 49-இல்தான் வேலை வரும் என்பதால் இப்போதைக்கு அது வேண்டாம். அடிபடாமல் நிற்பவை பகா எண்கள்; அவற்றின் கீழே 0 போடுங்கள்.

அப்புறம் இடைவெளிகள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரு பக்கமும் கழித்துப் பார்க்கத் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்து அரைப் பக்கத்திலேயே சலித்துப்போனேன். இரண்டு 0-களுக்கு நடுவே, இரு முனையிலிருந்தும் 1, 2, 3 என்று உள்நோக்கி எழுதி வந்தால் நடுவில் சந்தித்துவிடும். 23-க்கும் 29-க்கும் இடையே 1, 2, 3, 2, 1. முழுதாக:

0, 0, 1, 0, 1, 0, 1, 2, 1, 0, 1, 0, 1, 2, 1, 0, 1, 0, 1, 2, 1, 0, 1, 2, 3, 2, 1, 0, 1, 0

சரிபார்க்க ஒரு வழி உண்டு. 3-லிருந்து, ஒற்றை எண்ணின் கீழ் இரட்டையும் இரட்டை எண்ணின் கீழ் ஒற்றையும்தான் வரும். 2-ஐத் தவிர எல்லாப் பகா எண்களும் ஒற்றை ஆயிற்றே. நடுவே 0, 1, 0 என்று வரும் இடங்கள் 'இரட்டையர்' பகா எண்கள் (twin primes), அதாவது 11, 13 போல 2 மட்டுமே வித்தியாசம் உள்ள சோடிகள். அவை முடிவில்லாமல் வருமா என்பதற்கு இன்னும் நிரூபணம் இல்லை.

தாளை 127 வரை நீட்டுங்கள், சுவாரசியம் அங்கேதான். 4 முதன்முதலாக 93-இல் வருகிறது. 5-க்கு 118 வரை காத்திருக்க வேண்டும். வந்த கையோடு 119-இல் 6, 120-இல் 7! காரணம், 113-ஐ விட்டால் அடுத்த பகா எண் 127. இந்த மேடு எனக்கு முதல் தடவை கிடைக்கவே இல்லை. 7-இன் மடங்குகளை அடித்த நான் 11-ஐ மறந்துவிட்டேன். 121 பகா எண் வேஷத்தில் நின்றுகொண்டிருந்தது. அதுவும் ஒற்றை எண்தானே, மேலே சொன்ன சோதனையில் மாட்டவில்லை.

இதையே நிரலாக எழுதுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்: மேல்நோக்கித் தேடிக்கொண்டே போனால் சுழல் (loop) நிற்குமா? நிற்கும். 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது உண்டு. ஏற்கெனவே ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் நிரூபித்திருந்த இதற்கு, 1919-இல் ராமானுஜன் இரண்டே பக்கத்தில் எளிய நிரூபணம் தந்தார்.