மூணு வயரும் ஒரே கலர், ஃபேனை மாட்டின கதை

சர்வீஸ் முடிஞ்சு சீலிங் ஃபேனை திரும்ப மாட்டலாம்னு பாத்தா மோட்டார்ல இருந்து வர்ற மூணு வயரும் ஒரே கலர். ரீவைண்டிங் (மோட்டார் காயிலை புதுசா சுத்துறது) பண்றவங்க கையில கிடைச்ச வயரை போட்டுருவாங்க போல. சரி, கலரை நம்பி எப்பவுமே மாட்டக்கூடாது, கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

மெயினை ஆஃப் பண்ணிட்டு (சுவிட்ச் மட்டும் போதாது, சில வீட்டுல சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கும், டெஸ்டர் வச்சு பாத்துட்டுதான் தொடணும்) மல்டிமீட்டரை ஓம்ஸ்ல (மின்தடை அளக்கிற இடத்துல) வச்சு ரெண்டு ரெண்டு வயரா அளந்தேன். எந்த ரெண்டுக்கு நடுவுல ரீடிங் அதிகமா வருதோ அதுதான் ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் ரெண்டோட தனித்தனி முனை, ஏன்னா அங்க ரெண்டு காயிலும் சீரிஸ்ல (ஒண்ணு பின்னாடி ஒண்ணா) வந்துடுது, மிச்சம் இருக்கிற வயர்தான் காமன், அதாவது ரெண்டு காயிலும் சேர்ற முனை. காமன்ல நியூட்ரல், மத்த ரெண்டுக்கும் நடுவுல 2.5 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், ரெகுலேட்டர்ல இருந்து வர்ற ஃபேஸ் ரன்னிங்ல. எர்த் வயரை பாடியில இறுக்கிட்டேன், நிறைய பேர் அதை சும்மா சுருட்டி விட்டுடுறாங்க, கோபமா வரும்.

என்னோடதுல ரெண்டு காயிலும் கிட்டத்தட்ட ஒரே ஓம்ஸ் காட்டுச்சு, அதனால ரீடிங்கை வச்சு எது ரன்னிங், எது ஸ்டார்ட்டிங்னு பிரிக்க முடியல, ஒண்ணுல ஃபேஸ் குடுத்து ஓட்டிப் பாத்துதான் முடிவு பண்ண முடிஞ்சது. கீழ இருந்து பாத்தா ஆன்டி கிளாக்வைஸ் சுத்தணும், இது கிளாக்வைஸ் சுத்துச்சு, காத்தே கீழ வரல. திரும்ப மெயின் ஆஃப், ஃபேஸை கெபாசிட்டரோட இன்னொரு முனைக்கு மாத்தினேன், இப்ப நல்லா காத்து வருது.