பிறந்த குழந்தையை வளர்க்க முடியாத நிலையா? தமிழ்நாட்டில் சட்டப்படி ஒப்படைப்பது இப்படி

பிரசவ வார்டில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிள்ளையில்லாத நல்ல குடும்பம் இருக்கிறது, நான் பேசி முடிக்கிறேன்" என்றால் அவரை முதலில் அனுப்பிவிடுங்கள். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி 5 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

முதல் படி: குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. பிரசவத்துக்கு முன்பே பேசிவிட்டால் இன்னும் நல்லது. பெயர் வெளியே வரவே கூடாது என்றால் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் (பெயர் சொல்லாமல் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லும் ஏற்பாடு) இருக்கிறது. பக்கத்தில் எங்கே மையம் என்று அதே எண்ணில் கேட்கலாம். குப்பைத்தொட்டி, கோயில் வாசல், பஸ் ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம். அப்படி விட்டுச் செல்வது 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழந்தையின் உயிருக்கும் ஆபத்து.

இரண்டாம் படி: குழந்தையோடு மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நேரில் போக வேண்டும். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழு. அதில் பெண் உறுப்பினர் கட்டாயம். ஏன் வளர்க்க முடியவில்லை, உதவி கிடைத்தால் வளர்ப்பீர்களா என்று கேட்பார்கள். குறுக்கு விசாரணை என்று பயப்பட வேண்டாம், கவுன்சலிங் சட்டத்திலேயே இருக்கிறது. மணமான தம்பதி என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். மணமாகாத தாய் தனியாகவே ஒப்படைக்கலாம். துணைவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழை எடுத்துப் போங்கள்.

அப்புறம் ஒப்படைப்புப் பத்திரம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். யார் அவசரப்படுத்தினாலும், மாமியாரே ஆனாலும், புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடாது. இது பலருக்குத் தெரிவதில்லை: மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. அதுவரை குழந்தை பெரும்பாலும் சிறப்புத் தத்து நிறுவனத்தில் (தத்துக்கான குழந்தைகளைப் பராமரிக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற இல்லம்) இருக்கும். யாருக்கும் தத்துக் கொடுக்க மாட்டார்கள். திரும்ப வேண்டும் என்றால் அதற்குள் அதே குழுவிடம் போய்ச் சொல்லுங்கள். அவகாசம் தாண்டி, தத்துக்குரிய குழந்தை என்று குழு அறிவித்துவிட்டால் உங்கள் உரிமை போய்விடும்.

உங்கள் விவரம் ரகசியமாக இருக்கும். குழந்தை வளர்ந்த பிறகு பெற்றவரைத் தேடினாலும் விவரம் தர வேண்டாம் என்று நினைத்தால், ஒப்படைக்கும்போதே அதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.