பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டால் ஸ்பீடை நம்பி வாங்காதீர்கள்

350 ஷெவர்லே எஞ்சினில் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டாயிற்று, டார்க் கன்வர்ட்டர் (ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்சுக்குப் பதிலாக எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது) மட்டும் கம்பெனியில் வந்ததே. சிக்னலில் 'டி'யில் போட்டு பிரேக்கை மிதித்தால் 900-ல் இருந்த ஆர்பிஎம் முள் 600-க்கு இறங்கும். வண்டி நடுங்கி எஞ்சின் அணையும். எல்லோரும் முதலில் கார்புரேட்டரைத்தான் திருகுவார்கள், பாவம். அந்தக் கேமுக்கு 2,500 ஆர்பிஎம்முக்கு மேல்தான் உயிர் வரும். கன்வர்ட்டரோ 1,700-லேயே இறுக்கிப் பிடிக்கிறது. இதுதான் ஸ்டால் ஸ்பீடு: வண்டியை நகரவிடாமல் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அமுக்கினால் எஞ்சின் எட்டும் அதிகபட்ச ஆர்பிஎம். ஆகவே கன்வர்ட்டர் வாங்கும்போது கேம் வேலை செய்யத் தொடங்கும் ஆர்பிஎம்மைப் பாருங்கள், உச்ச குதிரைத்திறனை அல்ல.

இன்னொரு தவறு, பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே நம்புவது. ஸ்டால் ஸ்பீடு கன்வர்ட்டரின் சொந்தச் சொத்து அல்ல, எஞ்சினும் சேர்ந்து தீர்மானிப்பது. 300 பவுண்டு-அடி டார்க்கில் 2,000 காட்டும் கன்வர்ட்டர், 400 பவுண்டு-அடி எஞ்சினுக்குப் பின்னால் ஏறக்குறைய 2,300 காட்டும். வண்டி எடை, பின் ஆக்ஸில் கியர், டயர் அளவு எல்லாவற்றையும் கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள். டார்க்கைக் கூட்டிச் சொல்லி ஜம்பம் அடித்தால் வேண்டியதைவிடக் குறைந்த ஸ்டால்தான் கைக்கு வரும்.

பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரை அமுக்கி அளப்பதும் ஏமாற்றும். வலுவான எஞ்சின் என்றால் 2,200-லேயே பின் டயர் பிரேக்கை மீறிச் சுழலும். அது ஸ்டால் இல்லை. ஐந்து வினாடிக்கு மேல் பிடித்தால் ஆயில் வெந்துவிடும்.

"3,000 ஸ்டால் என்றால் 3,000 வரை வண்டி நகராது" என்பது வெறும் கதை. மெதுவாக அமுக்கினால் அதற்கு வெகு முன்பே நகரும்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று 3,500 வாங்குகிறவர்கள்தான் அதிகம் அழுகிறார்கள். 3.08 கியர், 26 அங்குல டயர், மணிக்கு 65 மைல் வேகம்: எஞ்சின் 2,600 அளவில்தான் ஓடும். லாக்-அப் (வழுக்காமல் நேராகப் பூட்டிக்கொள்ளும் வசதி) இல்லாத டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இது நெடுஞ்சாலை முழுக்க ஹாஃப் கிளட்சில் ஓட்டுவது மாதிரி. அந்த வழுக்கல் அத்தனையும் சூடாக ஆயிலில் இறங்கும். ஸ்டால் ஏற்றினால் தனி ஆயில் கூலரும் கட்டாயம்.

மாட்டும்போது ஒன்று: கன்வர்ட்டர் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பில் முழுதாக உட்கார்ந்தால் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சின் பின்னால் கன்வர்ட்டரைப் போல்ட் போடும் தட்டு) அதற்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கும், கையால் சுழலும். சுழலவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், பம்ப் உடையும்.