பழைய கயாக்கின் அடியைத் தொடாதீர்கள், வாயைப் பெரிதாக்குங்கள்

நாலு மீட்டர் நீள ஃபைபர் கயாக்கை (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு) யாராவது கழித்துக்கட்டினால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். 1970-களில் ஸ்லாலம் போட்டிப் படகுக்கு (சீறும் ஆற்றில் கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓட்டும் போட்டி) அதுதான் குறைந்தபட்ச நீளம், இப்போது 3.5 மீட்டர். ஒரு துடுப்புப் போட்டால் வழுக்கிக்கொண்டே போகும் அந்த ஓட்டம் இன்றைய குட்டைப் படகுகளில் கிடைக்காது. அதனால் அடிப்பாகத்தில் கை வைக்காதீர்கள். மாற்ற வேண்டியது உட்காரும் இடம்.

என் படகின் வாய், அதாவது உட்கார இறங்கும் மேல் திறப்பு, 62 சென்டிமீட்டர் நீளம்தான். பாறையில் மூக்கு செருகிக்கொண்டால் முட்டியை மடக்கி வெளியே எடுக்க வழியே இல்லை. புதிய வாயின் அளவை முதலில் அட்டையில் வெட்டி, படகைத் தரையில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். கை ஊன்றாமல் இரண்டு முட்டியும் ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். எனக்கு 86 சென்டிமீட்டரில் வந்தது. முன்பக்கம் மட்டும் நீட்டுங்கள்; இருக்கை தொங்குவது பக்க விளிம்புகளில், அவற்றை வெட்டாதீர்கள்.

காசிமேட்டில் மீன்பிடி ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் அண்ணன் ஒருவரிடம், வெட்டிய வாயின் விளிம்பைக் காட்டினேன். விரலால் தடவினார். "வழவழன்னு இருக்கு தம்பி, பிடிக்காது. சொரசொரன்னு தேய்ச்சுட்டு வா." 60-ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, அசிடோனால் துடைத்து, ரெசினில் (ஊற்றினால் இறுகும் பிசின்) நனைத்த கண்ணாடி இழை மேட் மூன்று அடுக்கு போட்டேன். இன்றுவரை பெயரவில்லை. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

ரெசினில் ஆக்சிலரேட்டரை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முழுக்கக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் (இறுகத் தொடங்க வைக்கும் திரவம்). அவை இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும். தனித்தனி அலமாரியில் வையுங்கள். மே மாதத்தில் விடியற்காலை ஆறுக்கே தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறினால் தூரிகையில் எடுப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடும்.

மேல்தட்டு காலின்மேல் அமுங்காமலிருக்க நடுவில் ஒரு தூண் வேண்டும். நான் தெர்மாகோலை நிறுத்தி ரெசின் பூசினேன்; கண்ணெதிரே கரைந்து குழியாகிவிட்டது. கெட்டியான ஈவா ஃபோமை (ரப்பர் போன்ற பஞ்சு அட்டை) அடுக்கி, செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசையால் ஒட்டுங்கள். இடுப்புக்கு இருபுறமும் அதே ஃபோம்.

காலுக்கு இருந்த குறுக்குக் கம்பியைக் கழற்றி எறிந்தேன். பாதம் அதைத் தாண்டி வழுக்கினால் திரும்பாது. அதற்குப் பதில் 12 எம்எம் மரைன் பிளைவுட், மேலே 5 சென்டிமீட்டர் ஃபோம். ஓரத்தில் கட்டைவிரல்கூட நுழையக் கூடாது. மூக்கிலும் வாலிலும் காற்றுப்பை.

பிறகு நீச்சல் குளம். மார்பளவுத் தண்ணீரில் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, ஸ்கர்ட் (இடுப்பைச் சுற்றி வாயை மூடும் தண்ணீர்த் தடுப்புத் துணி) மாட்டிக் கவிழ்ந்து வெளியே வாருங்கள். பத்து முறையும் முட்டி உரசாமல் வந்த பிறகுதான் என் படகைக் கேரளத்தின் கோடஞ்சேரி ஆற்றுக்கு ஏற்றினேன்.