நிலாவெளியில் வாடகை வீடு: வீட்டுக்காரரோடு தகராறு வந்தால்

கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கட்டி விட்டிருக்கும் சில வீடுகளின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. லீவுக்கு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, போகும்போது கணக்கு முடிப்பது என் வேலை. தகராறு என்றால் இரண்டு பக்கமும் முதலில் ஏசுவது என்னைத்தான். அதனால் இரண்டு பக்கத்துக்குமே சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

வந்து இறங்கியதும், பைகளைப் பிரிக்கும் முன்பே, போனில் வீடியோவை ஓடவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். ஏசியைப் போட்டுக் கால் மணித்தியாலம் விடுங்கள். இங்கே கடற்காற்றின் உப்பு ஏசியின் வெளிப்பெட்டியை அரித்துவிடும். போன கிழமை ஓடியது இந்தக் கிழமை நின்றிருக்கும். "நேற்றுவரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் உங்கள் அறை குளிராது. கதிரையில் உள்ள வெடிப்பு, மெத்தையில் உள்ள கறை எல்லாம் அந்த வீடியோவிலேயே வந்துவிடட்டும். போகும்போது "இது நீங்கள் உடைத்தது" என்ற பேச்சு எழுந்தால் உங்களைக் காப்பது அதுதான்.

குறை கண்டால் அந்த நேரமே எழுதுங்கள். மூன்று இரவும் தங்கிவிட்டு, நான்காம் நாள் காலை வாகனத்தில் ஏறும்போது "முழுக்காசையும் திருப்பித் தாங்க" என்பவருக்கு எந்த வீட்டுக்காரரும் இளகமாட்டார். வாடகை வீடு பதியும் ஏர்பிஎன்பி (Airbnb) செயலியில் பதிந்திருந்தால், குறையைக் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். போனில் பேசினாலும் பேசியதை எழுத்தில் போட்டுவிடுங்கள். இப்படிப் போதும்:

"அண்ணா, மேல்மாடி அறை ஏசி குளிரவில்லை, வீடியோ அனுப்பியிருக்கிறேன். இன்று இரவு 7 மணிக்குள் திருத்தித் தாருங்கள். முடியாவிட்டால் அந்த அறைக்கான காசைக் கழித்துவிடுங்கள்."

கேட்பது ஒன்றாக இருக்கட்டும், நேரம் குறித்துக் கேளுங்கள். ஏசியில் தொடங்கி, தலையணை, நாய், பக்கத்து வீட்டுப் பாட்டு என்று கோத்துக்கொண்டு போனால் ஏசியும் கிடைக்காது.

இனி வருகிறவர்கள் பக்கத்துப் பிழை. இங்கே அதிகம் வெடிக்கும் சண்டை ஆட்களின் எண்ணிக்கைதான். ஆறு பேருக்குப் பதிந்துவிட்டு ஒரு வான் நிறையப் பெரியம்மா, சித்தப்பா, பிள்ளைகள் என்று வந்து இறங்குவார்கள். "சொந்தக்காரர்தானே, பாய் போட்டுப் படுப்பம்" என்பார்கள். படுக்கலாம்தான், ஆனால் தண்ணீர்த் தொட்டி ஆறு பேருக்குத்தானே கட்டியது? மேலதிகமாக ஒருவர் வந்தால் எவ்வளவு என்று வீட்டுக்காரர் முன்பே எழுதியிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். எழுதாமல் வாசலில் வைத்துக் கேட்டால், ஒரு நியாயமான தொகையில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு வேறு வீடு தேடுவதைவிட அது மலிவு.

அடுத்தது மீன். கரைவலைக்காரரிடம் உயிர்மீனாக வாங்கிவந்து பொரிக்க ஆசைப்படாதவர் யார்? ஆனால் சில வீட்டுக்காரர் சைவம், குசினியில் மச்சம் விடமாட்டார்கள். பதியும்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரரே, நீங்களும் அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். அடுப்புக்கு மேலே ஒட்டிய துண்டுக் கடதாசி ஒப்பந்தமாகாது.

மார்கழியில் வந்துவிட்டுக் கடல் கொந்தளிக்கிறது, புறாத்தீவுக்குப் படகு போகவில்லை என்று வாடகையைக் குறைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரைதான். வாடைக்காற்றுக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை. ஆனால் டிசம்பர் பதிவுக்கும் "நீந்த ஏற்ற கடல்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது அவர் பிழை.

முற்பணத்தில் சேதத்துக்குக் கழிக்கிறேன் என்றால் படமும் பற்றுச்சீட்டும் கேளுங்கள். பழைய துவாய்க்குப் புதுத் துவாயின் விலை கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்காரர்களிடமும் அதைத்தான் சொல்வேன். ஏர்பிஎன்பி வழியாகச் சேதத்துக்குக் காசு கேட்க வீட்டுக்காரருக்கு 14 நாள் உண்டு, பதில் சொல்ல உங்களுக்கு 24 மணித்தியாலம்தான். வீட்டுக்குப் போனபிறகும் அந்தச் செயலியைத் திறந்து பாருங்கள்.

பேசியும் முடியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, அழைக்க 1977. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். மத்தியஸ்த சபைக்கும் போகலாம். சட்டத்தரணி இல்லாமல் நீங்களே பேசலாம். ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு தரம் வந்துபோனால் பஸ் காசும் சாப்பாடும் அதில் பாதியைத் தின்றுவிடும். பெரிய தொகை என்றால் மட்டும் அந்த வழி.

தேசிய அடையாள அட்டையைப் பிணையாக வாங்கி வைக்கும் வீட்டுக்காரரிடம் பிரதியை மட்டும் கொடுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு அவர் திருப்பித் தர மறுத்தால் காசுப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு நேரே பொலிஸுக்குப் போங்கள். முறைப்பாடு எழுதியதும் அதன் இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.