மதுவின் பிடி குடும்பத்தில் தொடர்கிறதா என்று கணிப்பது எப்படி?

குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறத்தாழ பாதி மரபினால் வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பாதி பல மரபணுக்களில் சிதறிக் கிடப்பதால், உமிழ்நீரில் மரபணுக்களைப் பார்க்கும் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதைவிட, மூன்று தலைமுறை உறவினர்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதே பயன் தரும்.

ஒவ்வொரு பெயருக்கும் அருகே, குடித்தாரா என்பதோடு நிறுத்தாமல், வேலையை இழந்தாரா, கல்லீரல் கெட்டதா, காலையில் கை நடுங்கியதா என்றும் குறியுங்கள். தாய்வழியை விட்டுவிடாதீர்கள், அம்மாவும் பாட்டியும் மதுவைத் தொடாதவர்களாக இருக்கலாம், ஆனால் தாய்மாமன்மாரைப் பற்றி விசாரித்தால்தான் அந்த வழியில் வரும் மரபு தெரியும். வளர்ப்பு மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் 1973இல் வெளியான டென்மார்க் ஆய்வைக் கருதவேண்டும்: குடிநோயாளிகளுக்குப் பிறந்து, சிசுப் பருவத்திலேயே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களுக்கு அந்நோய் மற்ற தத்துப்பிள்ளைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுதலாக இருந்தது.

அடுத்து, குடிப்பவராக இருந்தால், தொடக்க நாட்களில் போதை ஏற எவ்வளவு தேவைப்பட்டது என்று நினைவுகூருங்கள். இதற்காகப் புதிதாகக் குடித்துப் பார்க்க வேண்டாம். "எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறமாட்டான்" என்று நண்பர்கள் பாராட்டுவது உண்மையில் எச்சரிக்கைக் குறி. குடிநோயாளிகளின் மகன்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க மருத்துவர் மார்க் ஷக்கிட், இளமையில் போதை குறைவாக உணர்ந்தவர்களே பின்னாளில் அதிகம் சிக்கினார்கள் என்று 1994இல் எழுதினார்.

மூளையில் நடப்பது இது: மது எண்டார்பின் என்ற, வலியைத் தணித்து இதமளிக்கும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது, அது டோபமைன் என்ற இன்னொரு வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களுக்குக் கடிவாளமிட்டிருக்கும் செல்களை அடக்குவதால், இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதியில் டோபமைன் பெருகுகிறது. எண்டார்பின் வந்து ஒட்டும் இடமான ஏற்பியை உருவாக்கும் ஓ.பி.ஆர்.எம்.1 மரபணுவில் டி.என்.ஏ.வின் ஓரெழுத்து மாறியிருந்த ஆண்களுக்கு இந்தப் பெருக்கம் கூடுதலாக இருந்ததை 2011இல் மூளைப் படங்கள் காட்டின. ஆயினும் அந்த ஓரெழுத்தை மட்டும் வைத்து யார் அடிமையாவார் என்று சொல்ல இயலவில்லை. ஆகவே மரபணுப் பரிசோதனை அறிக்கையில் அந்த மாற்றம் தென்பட்டால் அஞ்சவும் வேண்டாம், தென்படாவிட்டால் துணியவும் வேண்டாம்.

தாளில் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் குறிகள் நிறைந்திருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட 'ஆடிட்' படிவத்தை நிரப்புங்கள்; 8 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்டார்பின் ஏற்பியை அடைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் அவரிடம் உண்டு. நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், நிறுத்தும் முறையையும் அவரிடமே கேளுங்கள்.