சேற்றைப் பார்த்ததும் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கம் சொந்த நிலத்தில் குளம் வெட்ட நினைப்பவர்களும், ஊர் ஏரியை மீட்கக் கிளம்பும் இளைஞர்களும் நிறையவே இருக்கிறார்கள். மனசுக்கு நிறைவான விஷயம். ஆனால் பெரிய தவறு பெரும்பாலும் முதல் நாளே நடந்துவிடுகிறது. வெறும் சேறாகத் தெரிவதை எல்லாம் சும்மா கிடக்கும் இடம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். சேறு முழுக்கப் பொடிப் பொடித் துளைகள். உள்ளே நண்டும் புழுவும். அவற்றைக் கொத்தித் தின்ன உள்ளான் பறவைகள் குடுகுடுவென்று ஓடும். கொஞ்சம் தள்ளி, பறி என்னும் கூடையைப் பல்லில் கவ்வியபடி கையால் சேற்றைத் தடவிச் சிலர் இறால் பிடிப்பார்கள். இந்த இடத்தில் அலையாத்தி (மாங்குரோவ்) நாற்றை வரிசையாக நடுவது நல்ல காரியம்போலத் தோன்றும். பறவைக்கும் இறாலுக்கும் இடம் போவதுதான் மிச்சம். நாற்றும் பெரும்பாலும் அழுகிவிடும். அலையாத்திக்கு ஏற்ற இடம், ஓதம் என்னும் கடல் நீரின் ஏற்ற இறக்கத்தில், நடு ஓத மட்டத்துக்கும் உச்ச ஓத மட்டத்துக்கும் இடைப்பட்ட பட்டைதான். அதற்குக் கீழே தண்ணீர் அதிக நேரம் நிற்பதால் வேருக்கு மூச்சு கிடைக்காது. எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் வண்டலும் அடைத்த இடங்களில் முதல் வேலை ஓதம் வந்துபோக வழி திறப்பதுதான். பக்கத்தில் தாய்மரம் இருந்தால் விதை தானே மிதந்து வந்து பிடித்துக்கொள்ளும். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் அலையாத்திக் காடும் சேற்றுப் பரப்பும் உவர் சதுப்பும் ஒரே உச்சப் பாதுகாப்புப் பிரிவில்தான் இருக்கின்றன. சேறு ஒன்றும் இளப்பமில்லை.

ஏரிக்கு வருவோம். கரையோரம் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் நெடுங்கால் உள்ளானுக்குத் தேவை கணுக்கால் அளவுத் தண்ணீர். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை கிடைக்கும் ஆழமில்லாத விளிம்பு. ஓரடி ஆழம் கூடுவதற்குள் எட்டுப் பத்து அடியாவது நடக்க வேண்டும், அப்படியொரு சாய்வு வையுங்கள். கோரையையும் சம்புப் புல்லையும் முழுக்க வழிக்காதீர்கள். தாழைக்கோழி கூடு கட்டுவது அதற்குள்தான். பாதியை எடுத்து, மீதியை அடுத்த ஆண்டுக்கு விடலாம்.

ஆகாயத்தாமரை வேறு கதை. அதை அள்ளத்தான் வேண்டும். ஆனால் சாக்கடை வரத்தை அடைக்காமல் அள்ளினால் சில மாதத்தில் பழையபடி மூடிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் வரை வந்து படிந்ததே, அது நினைவிருக்கட்டும்: மேலே என்ன கலக்கிறது என்று பார்க்காமல் கீழே செய்யும் வேலை நிற்காது.

மீஞ்சூர் பக்கம் பட்டா நிலத்தில் குளம் வெட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. பல ஆண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அங்கே கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்திருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் ஊறும். ஆழம் குறைத்து, அகலம் கூட்டுங்கள்.

அனுமதி வாங்காமல் ஏரியின் கலங்கலை, அதாவது மிகைநீர் வழியும் இடத்தை, உயர்த்துவதும் கூடாது. மேலே இருக்கும் நெல் வயலில் தண்ணீர் ஏறி நின்றுவிடும். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையிடமும், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். முதலில் அங்கே போய்ப் பேசுங்கள்.

கொசுவை ஒழிக்க நல்லது என்று வெளிநாட்டு மீன் குஞ்சுகளை விடுவதும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் காக்கா ஆழி என்னும் வெளிநாட்டு மட்டி வந்து அடையாகப் படர்ந்து, மஞ்சள் மட்டியையும் இறாலையும் வாழவிடாமல் செய்ததை மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கோடையில் குளம் வற்றினால் பதறி போர் தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டாம். மண் வெடித்துக் காய்வது அதன் இயல்பு. ஜிலேபிக் கெண்டை போன்ற வெளிநாட்டு மீன்கள் அப்போதுதான் ஒழியும். மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் அடுத்த மழையில் முளைக்கும். அந்த நாட்களில் ஆடுமாடு மேயலாம். வண்டி மட்டும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.